ஊர்ப் பாதைக்குக் கேட் போட்டுவிட்டார்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெளியூர்க்காரர் ஒருவர் வந்து ஏரிக்குக் கீழே ஐம்பது ஏக்கர் வாங்குகிறார். ஒரு மாதத்தில் கம்பி வேலி வருகிறது. அடுத்த மாதம் இரும்புக் கேட், அதில் "அத்துமீறி நுழைந்தால் தண்டிக்கப்படுவீர்கள்" என்று ஒரு பலகை. அவர் வாங்கிய ஐம்பது ஏக்கரோடு ஏரிக்குப் போகும் வண்டிப்பாதையும் ஓடையும் சேர்ந்து வேலிக்குள் போய்விடுகின்றன.

எங்கள் ஊரில் இது நடந்தது. பாதையைத் திறக்க மூன்றரை வருடம் ஆனது. அப்புறம் சுற்றுவட்டாரத்தில் யாருக்கு இதே தொல்லை வந்தாலும் எனக்கு ஃபோன் வருகிறது. திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். நான் வக்கீல் இல்லை. தாலுகா ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்து கற்றுக்கொண்டதுதான். வழக்கு என்று போகும்போது வக்கீலைப் பாருங்கள்.

அந்தப் பாதை பொதுவா, அவருடைய பட்டா நிலமா? எப்படித் தெரிந்துகொள்வது?

எல்லாமே இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. இதைத் தெரிந்துகொள்ளாமல் மறியலுக்குப் போகாதீர்கள். நாங்கள் போனோம், அசிங்கப்பட்டுத் திரும்பினோம். தாசில்தார் "எந்த சர்வே நம்பர்?" என்று கேட்டார். கூட்டத்தில் நாற்பது பேர் இருந்தும் ஒருவருக்கும் தெரியவில்லை.

இரண்டு ஆவணங்கள் வேண்டும். ஒன்று 'அ' பதிவேடு. கிராமத்தின் ஒவ்வொரு சர்வே எண்ணும் என்ன வகை, யார் பெயரில், எவ்வளவு பரப்பு என்று அதில் இருக்கும். பொதுநிலமாக இருந்தால் பட்டாதாரர் பெயருக்குப் பதிலாக "வண்டிப்பாதை", "ஓடை", "மேய்க்கால்", "களம்", "மயானம்", "மந்தைவெளி", "கல்லாங்குத்து" என்று ஏதாவது எழுதியிருப்பார்கள். இன்னொன்று புலப்படம். எல்லோரும் எஃப்.எம்.பி. என்றுதான் சொல்வார்கள். அந்த சர்வே எண்ணின் எல்லை, உட்பிரிவு, அளவு எல்லாம் அதில் வரைந்திருக்கும். இரண்டையும் வருவாய்த்துறையின் இணையதளத்தில் வீட்டிலிருந்தே எடுக்கலாம். மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண் தெரிந்தால் போதும். சர்வே எண் தெரியாவிட்டால் பக்கத்து நிலத்துக்காரரின் பட்டாவிலிருந்து தொடங்கி நகர்ந்து வாருங்கள்.

புலப்படத்தில் ஒன்றைக் கூர்ந்து பாருங்கள். பாதைக்குத் தனி சர்வே எண்ணோ தனி உட்பிரிவோ இருந்து, 'அ' பதிவேட்டிலும் அது பாதை என்றே இருந்தால் அது அரசு நிலம். பட்டா நிலத்துக்குள்ளேயே வெறும் புள்ளிக்கோடாக வரைந்திருந்தால், பாதை இருக்கிறது என்பதற்கு அது சாட்சி. ஆனால் அந்த மண் பட்டாதாரருடையது. முதல் வகைக்கு ஆக்கிரமிப்பு அகற்றும் சட்டம் போதும். இரண்டாம் வகையில் "நடக்கும் உரிமை" என்று தனியாக வாதாட வேண்டும். முக்கால்வாசி பேர் இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு தவறான வாசலில் போய் நிற்கிறார்கள்.

இன்னொரு விஷயம், பழைய புலப்படங்களில் அளவு லிங்க் கணக்கில் இருக்கும். 100 லிங்க் ஒரு சங்கிலி, அதாவது 66 அடி. பாதை 15 லிங்க் என்று போட்டிருந்தால் பத்தடிக்குக் கொஞ்சம் குறைவு. புதியவை மீட்டரில் இருக்கும்.

இணையதளத்தில் பார்த்தால் பாதை அவர் பட்டாவில்தான் இருக்கிறது. அப்படியென்றால் முடிந்துவிட்டதா?

இல்லை. 1980-களில் யு.டி.ஆர். என்ற நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் தமிழ்நாடு முழுக்கப் பட்டாக்களைப் புதுப்பித்தார்கள். அவசரத்தில் எத்தனையோ பிழைகள் நுழைந்தன. புறம்போக்கு சில இடங்களில் பட்டாவானது, பட்டா சில இடங்களில் புறம்போக்கானது. பிழைதான் என்று சொல்லமுடியாதபடி சில "பிழைகளும்" நடந்தன.

அதனால் அதற்கு முந்தைய செட்டில்மென்ட் பதிவேட்டைத் தேடுங்கள். எஸ்.எல்.ஆர். என்று கேட்டால் புரியும். மாவட்ட ஆட்சியர் அலுவலகப் பதிவறையில் கிடைக்கும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டிக் கேட்டால் 30 நாளில் பதில் தரவேண்டும். எங்கள் பாதை எஸ்.எல்.ஆரில் "வண்டிப்பாதை" என்று பளிச்சென்று இருந்தது. யு.டி.ஆருக்குப் பிறகு பாதி தூரம் ஒருவர் பட்டாவோடு கலந்துவிட்டது. அந்தப் பட்டாவைத்தான் நம்மாள் விலைக்கு வாங்கியிருக்கிறார். இந்த மாதிரிப் பிழையைத் திருத்த மாவட்ட வருவாய் அலுவலரிடம் மேல்முறையீடு செய்யவேண்டும். பழைய பதிவேடு கையில் இருந்தால் அந்த விசாரணை நமக்குச் சாதகமாகவே போகும்.

புறம்போக்கு என்றால் யாருக்கும் சொந்தமில்லாத நிலம்தானே?

அப்படி ஒரு நினைப்பு இருப்பதால்தான் வேலி போட யாருக்கும் கூச்சமில்லை. வரிக் கணக்குக்குப் புறம்பாக வைத்த நிலம் புறம்போக்கு. ஊருக்குப் பொதுவாக வேண்டியது என்பதால் அதற்குத் தீர்வை போடவில்லை, அவ்வளவுதான். இன்று அந்தச் சொல்லை ஆளைத் திட்டுவதற்கு வைத்திருக்கிறோம். ஏரி, களம், மேய்ச்சல் தரை, சுடுகாடு என்று ஊர் உயிரோடு இருக்கத் தேவையான அத்தனையும் அந்தப் பெயரில்தான் கிடக்கிறது.

1905-ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. அதன் 2-வது பிரிவு பொதுச்சாலை, தெரு, சந்து, பாதை, ஆறு, ஓடை, ஏரி, குளம், கடலின் உயர் அலைக் கோட்டுக்குக் கீழே உள்ள பரப்பு எல்லாம் வேறு ஒருவருக்கு உரிமை நிரூபிக்கப்படாத வரை அரசின் சொத்து என்கிறது. ஆக்கிரமித்தவருக்கு நோட்டீஸ் கொடுப்பது 7-வது பிரிவு, வெளியேற்றுவது 6-வது பிரிவு. மனு எழுதும்போது இந்த எண்களைக் குறிப்பிடுங்கள். ஏரி, குளம் சம்பந்தப்பட்டிருந்தால் அதற்கென்றே 2007-இல் வந்த ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றுதல் சட்டம் தனியாக இருக்கிறது.

அவர் பி மெமோ ரசீது காட்டுகிறார். அரசாங்கமே ஒப்புக்கொண்டதாகச் சொல்கிறார்.

பி மெமோ என்பது ஆக்கிரமிப்புக்குப் போட்ட அபராதக் கணக்கு. ஹெல்மெட் போடாமல் போய்ப் பிடிபட்டு ஃபைன் கட்டிய ரசீதை லைசென்ஸ் என்று காட்டினால் எப்படியோ, அப்படித்தான் இதுவும். அந்தக் காகிதத்தை அவர் காட்டக் காட்ட நமக்கு நல்லது; நிலம் அரசுடையது என்று அவரே ஒப்புக்கொள்கிறார். ஒரு ஜெராக்ஸ் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

நாற்பது வருஷமாக அனுபவிக்கிறோம் என்கிறாரே?

தனியார் நிலத்தில் 12 வருடம், அரசு நிலத்தில் 30 வருடம் என்பது காலவரையறைச் சட்டத்தின் கணக்கு. ஆனால் வருடத்தை மட்டும் எண்ணிச் சொன்னால் போதாது. அரசுக்கு எதிரான உரிமையோடு, வெளிப்படையாக, இடைவிடாமல் வைத்திருந்ததை அவர்தான் நிரூபிக்கவேண்டும். பொதுப்பாதை, நீர்நிலை விஷயத்தில் நீதிமன்றங்கள் இந்த வாதத்துக்கு எளிதில் இளகுவதில்லை. 2011 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஜக்பால் சிங் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. பஞ்சாபில் பாட்டியாலா மாவட்டத்து ஊர்க் குளம் ஒன்றைத் தூர்த்து வீடு கட்டியிருந்தார்கள். எத்தனை காலம் அனுபவித்தாலும், எவ்வளவு செலவு செய்து கட்டியிருந்தாலும், அரசியல் செல்வாக்கு இருந்தாலும் ஊர்ப் பொதுநிலத்தை முறைப்படுத்திக் கொடுக்கக்கூடாது என்றது நீதிமன்றம். எல்லா மாநிலங்களும் ஆக்கிரமிப்பை அகற்றத் திட்டம் வகுக்கவேண்டும் என்றும் உத்தரவிட்டது. நிலமற்ற கூலிகளுக்கும் பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கும் அரசே ஒதுக்கிய இடத்துக்கும், பள்ளிக்கூடம், மருந்தகம் போன்ற பொதுப் பயன்பாட்டுக்கும் மட்டும் விதிவிலக்கு வைத்தது. ஐம்பது ஏக்கர்காரர் அதில் வரமாட்டார்.

அந்தத் தீர்ப்பின் நகல் ஒன்றை மனுவோடு இணையுங்கள். படிக்கமாட்டார்கள், ஆனால் கோப்பில் இருக்கட்டும்.

ஏரி பொது. மலையடிவாரமும் பொது. ஆனால் சுற்றிலும் அவர் பட்டா. பாதை என்று ஆவணத்தில் எதுவுமே இல்லை. என்ன செய்வது?

இதுதான் சிக்கலான நிலைமை. வசதி உள்ளவர்கள் புத்திசாலித்தனமாகச் செய்வதும் இதைத்தான். பொதுநிலத்தில் ஒரு அடிகூட ஆக்கிரமிக்கமாட்டார்கள். சுற்றிலும் வாங்கிப்போடுவார்கள், அவ்வளவுதான். பத்து ஏக்கர் வாங்கினால் நூறு ஏக்கர் தன் கொல்லைப்புறம் ஆகிவிடும்.

இது நம் ஊர் வித்தை மட்டும் இல்லை. அமெரிக்காவில் வயோமிங் மாநிலத்தில் அரசு நிலமும் தனியார் நிலமும் சதுரங்கப் பலகை மாதிரி மாறி மாறிக் கிடக்கின்றன. 1860-களில் ரயில் பாதை போட்ட கம்பெனிகளுக்கு ஒரு சதுர மைல் விட்டு ஒரு சதுர மைல் கொடுத்ததன் மிச்சம். அரசு நிலத்திலிருந்து அடுத்த அரசு நிலத்துக்கு மூலையும் மூலையும் தொடும் புள்ளி வழியாகத்தான் போகமுடியும். எல்க் மலையில் 22,000 ஏக்கர் பண்ணை வைத்திருக்கும் மருந்துத் தொழிலதிபர் ஒருவர் அந்த மூலைகளில் கம்பம் நட்டுச் சங்கிலி கட்டினார். மிசௌரியிலிருந்து மான் வேட்டைக்கு வந்த நாலு பேர் 2021-இல் ஒரு ஏணியைச் செய்து கொண்டுவந்து, ஒரு மூலையில் ஏறி மறு மூலையில் இறங்கிவிட்டார்கள். அவர் மண்ணில் கால்கூடப் படவில்லை. அவருடைய வான்வெளியில் நுழைந்ததாகக் கேஸ்! 70 லட்சம் டாலருக்கு மேல் நஷ்டஈடும் கேட்டார். 2022-இல் ஜூரி நாலு பேரையும் விடுவித்தது. உரிமையியல் வழக்கிலும் 2023-இல் மாவட்ட நீதிமன்றமும், 2025 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அவர்கள் பக்கமே நின்றன. பொதுநிலத்தை வேலியால் அடைக்கக்கூடாது என்று 1885-இல் போட்ட ஒரு பழைய சட்டம்தான் அவர்களைக் காப்பாற்றியது. 2025 அக்டோபரில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பண்ணைக்காரரின் மேல்முறையீட்டை எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டது.

நமக்கு ஏணி உதவாது. 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம் உதவும். 15-வது பிரிவின்படி, வெளிப்படையாக, தடையில்லாமல், உரிமையாகவே 20 வருடம் நடந்துவந்த பாதை உரிமையாகிறது. 18-வது பிரிவு ஊர் வழக்கத்தால் வரும் உரிமையை ஏற்கிறது. பலரும் "அவசியத்தால் வரும் வழியுரிமை" என்று 13-வது பிரிவைப் பிடித்துக்கொள்கிறார்கள். அது ஒரே ஆளிடம் இருந்த நிலம் பிரிந்தபோது உண்டாகும் உரிமை. ஊர் மக்கள் ஏரிக்குப் போக அது பொருந்தாது. அதை எழுதி வழக்கைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

20 வருடத்தை எப்படி நிரூபிப்பது? பக்கத்து நிலப் பத்திரங்களில் எல்லை மால், அதாவது நாலு பக்க எல்லை விவரம், பாருங்கள். "வண்டிப்பாதைக்குக் கிழக்கு", "ஏரிக்குப் போகும் இட்டேரிக்குத் தெற்கு" என்று எழுதியிருக்கும். நிலம் விற்றவர்கள் அன்றைக்குப் பொய் சொல்ல வேண்டிய அவசியமே இல்லாததால் இதைவிட நல்ல சாட்சி கிடையாது. எங்கள் ஊரில் 1958-ஆம் வருடப் பத்திரம் ஒன்று கிடைத்தது. கொடுத்த பாட்டியம்மா அதைக் கல்யாணப் பத்திரிகைகளோடு டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தார்.

யாரிடம் மனு கொடுக்க வேண்டும்?

தாசில்தாரிடம். நகல் கோட்டாட்சியருக்கும் ஆட்சியருக்கும். கிராம நிர்வாக அலுவலரிடம் முதலில் வாய்மொழியாகச் சொல்லுங்கள், அவர் எழுதும் அறிக்கையில்தான் கோப்பு நகரும் அல்லது நிற்கும். அவரைப் பகைத்துக்கொள்ளாதீர்கள். பெரிய மனிதருக்கும் உங்களுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட ஆள் அவர்.

மனு ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். சர்வே எண், வகை, பரப்பு, எந்தத் தேதியில் யார் எதை வைத்து மறித்தார், யாருக்கு என்ன கஷ்டம். அவர் பணக்காரர், அந்தக் கட்சிக்காரர், இந்த அமைச்சருக்கு வேண்டியவர் என்பதெல்லாம் வேண்டாம். எங்கள் முதல் மனுவில் ஒன்றரைப் பக்கம் அவரைத் திட்டியிருந்தோம். சர்வே எண் கடைசி வரியில் இருந்தது, அதுவும் தப்பாக.

திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் கொடுத்தால் மனுவுக்கு எண் கிடைக்கும். எண் இல்லாத மனு கொடுக்காத மனு. அப்புறம் கிராம சபை. குடியரசு நாள், மார்ச் 22, மே 1, சுதந்திர நாள், காந்தி ஜெயந்தி, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு முறை கூடவேண்டும். பாதை பொது என்று தீர்மானம் போட்டால் அதுவும் ஒரு ஆவணம். தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று அங்கேயே நின்று பாருங்கள். கை தட்டிவிட்டு வீட்டுக்குப் போனால் மறுநாள் அது புத்தகத்தில் இருக்காது.

மறித்தவருக்கு ஊராட்சியிலும் தாலுகாவிலும் ஆள் இருப்பார்கள் என்பது உண்மைதான். கோயில் கும்பாபிஷேகத்துக்கு ஐந்து லட்சம் கொடுத்தவரை எதிர்த்துப் பேச ஊருக்குள்ளேயே பாதிப் பேர் வரமாட்டார்கள். எங்கள் ஊரில் கடைசிவரை நின்றது ஆடு மேய்க்கும் நாலு குடும்பமும் இரண்டு பால்காரர்களும்தான். அவர்களுக்கு அந்தப் பாதை இல்லாமல் பிழைப்பே ஓடாது.

நில அளவை எப்போது நடக்கும்? நடந்தால் போதுமா?

தாசில்தார் உத்தரவு போட்டால் சர்வேயர் வருவார். அந்தத் தேதியை முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். கல் நடும்போது ஊரில் பத்துப் பேராவது நிற்க வேண்டும். ஃபோட்டோ, வீடியோ எடுங்கள். அளந்து முடித்தவுடன் வரைபடத்தில் கையெழுத்து, நகல். நட்ட கல் அடுத்த வாரமே காணாமல் போவது சகஜம். அளவைக் கல்லைப் பிடுங்குவது குற்றம் என்பதால் உடனே போலீசில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுங்கள்.

கேட்டை நாங்களே உடைத்தால் என்ன?

வேண்டாம். உடைத்த அன்றைக்கே சொத்தைச் சேதப்படுத்திய வழக்கு உங்கள் மேல் வரும். பாதை யாருடையது என்ற கேள்வி பின்னால் போய், யார் உடைத்தார் என்பது முன்னால் வந்துவிடும். நடக்க முடிகிற வரைக்கும் தினமும் நடங்கள். தடுத்தால் தேதி, நேரம், தடுத்தவர் சொன்ன வார்த்தை எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். எங்கள் பால்காரர் எழுதிய நோட்டுதான் பின்னால் கோட்டாட்சியர் முன்னால் முதல் சாட்சியாக நின்றது. எழுத்துப்பிழைகளோடுதான்.

கோட்டாட்சியர் விசாரணை என்பது என்ன?

முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-வது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 152-வது பிரிவு. பொதுமக்கள் பயன்படுத்தும் வழி, ஆறு, வாய்க்கால் மறிக்கப்பட்டால், நிர்வாக நடுவர் என்ற முறையில் கோட்டாட்சியர் தடையை அகற்றச் சொல்லி உத்தரவிடலாம். மறித்தவர் வந்து காரணம் சொல்லலாம். சிவில் கோர்ட்டைவிட இது பல மடங்கு வேகம்.

ஒரு இடறல் இருக்கிறது. "இது பொதுப்பாதையே இல்லை" என்று அவர் மறுத்து, நம்பத்தகுந்த ஆதாரத்தையும் காட்டினால், சிவில் கோர்ட் முடிவுசெய்யும் வரை கோட்டாட்சியர் நிறுத்திவைக்க வேண்டியதுதான். யு.டி.ஆர். பட்டாவில் பாதை கலந்திருந்தால் அவர் அந்தப் பட்டாவைத்தான் நீட்டுவார். எனவே முதலில் பதிவேட்டுத் திருத்தம், பிறகு இது. நாங்கள் தலைகீழாகச் செய்து ஒரு வருடத்தை இழந்தோம்.

வழக்கு போட்டால் எந்தக் கோர்ட்?

பொதுப்பாதை மறிப்பு பொதுத் தொல்லை. சிவில் நடைமுறைச் சட்டம் 91-வது பிரிவின்படி இரண்டு பேர் சேர்ந்து, நீதிமன்ற அனுமதியோடு, தங்களுக்கென்று தனி நஷ்டம் இல்லாவிட்டாலும் வழக்குத் தொடரலாம். அரசையும் சேர்ப்பதென்றால் இரண்டு மாத நோட்டீஸ் வேண்டும்.

மனு கொடுத்தும் அதிகாரிகள் அசையவில்லை என்றால் உயர் நீதிமன்றத்தில் ரிட். தென்மாவட்டக்காரர்களுக்கு மதுரைக் கிளை. பெரும்பாலும் "மனுவை இத்தனை வாரத்துக்குள் பரிசீலித்து முடிவெடுக்க வேண்டும்" என்றுதான் உத்தரவு வரும். அதை வெற்றி என்று பட்டாசு வெடித்துவிட்டுப் பலர் உட்கார்ந்துவிடுகிறார்கள். பரிசீலித்து நிராகரிக்கவும் அதில் இடம் இருக்கிறது. ஆவணம் பலமாக இருந்தால் மட்டும் ரிட்டுக்குப் போங்கள். உண்மை யார் பக்கம் என்று சாட்சி விசாரிக்கும் இடம் அது இல்லை.

"மாற்றுப்பாதை தருகிறேன்" என்கிறார். ஒப்புக்கொள்ளலாமா?

எந்த ஊரிலும் கடைசியில் வருவது இந்தப் பேச்சுதான். தோப்பு ஓரமாகச் சுற்றி ஒரு தடம் விடுகிறேன் என்பார். ஊர்ப் பெரியவர்கள் சரி என்பார்கள். எழுத்தில் எதுவும் இருக்காது. நாலு வருடம் கழித்து அவர் மகன் அந்தத் தடத்திலும் கேட் போடுவான். அப்போது பழைய பாதையும் இருக்காது, புதியதும் இருக்காது.

கோவாவில் நடந்த கதையைச் சொல்கிறேன். தோனா பவுலா அருகே வைங்கினிம் கடற்கரையை ஒட்டி ஃபோமென்டோ ரிசார்ட்ஸ் என்ற நிறுவனத்தின் பெரிய ஹோட்டல். 1980-களில் அரசே நிலம் எடுத்துக் கொடுத்தது. கொடுக்கும்போது போட்ட ஒப்பந்தத்தில், மக்கள் கடற்கரைக்குப் போகும் வழியைத் தடுக்கக்கூடாது என்று நிபந்தனை. பின்னால் வழியில் கட்டுமானம் வந்தது. வேறு பக்கமாகப் போகட்டும் என்றது நிறுவனம். உள்ளூர்க்காரர்களும் கோவா ஃபவுண்டேஷன் என்ற அமைப்பும் நீதிமன்றம் போனார்கள். 2009 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மக்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. கடற்கரை, ஆறு போன்றவற்றை அரசு மக்களுக்காக அறங்காவலராக வைத்திருக்கிறது, தனியார் வசதிக்காக அந்த வழியை அடைக்க முடியாது என்பது அதன் சாரம். அந்த ஒப்பந்தத்தில் நிபந்தனையை எழுதிவைத்த குமாஸ்தா யாரோ, புண்ணியவான். அந்த ஒரு வரி இல்லாவிட்டால் வழக்கு இன்னும் எவ்வளவு இழுத்திருக்குமோ.

ஆக, மாற்றுப்பாதை உண்மையிலேயே நல்லதாக இருந்தால், அந்த நிலத்தை ஊராட்சி பெயருக்குத் தானப் பத்திரமாகப் பதிவு செய்து, உட்பிரிவு செய்து, 'அ' பதிவேட்டில் "பாதை" என்று ஏறிய பிறகு பேசலாம். அதுவரை பழைய பாதையில் நடப்பதை நிறுத்தாதீர்கள்.

பெரிய தொழில் திட்டங்கள் என்றால் கதை வேறு. 2023-இல் சட்டமன்றம் நிறைவேற்றிய நில ஒருங்கிணைப்புச் சட்டம், 100 ஹெக்டேருக்குக் குறையாத சிறப்புத் திட்டங்களுக்குள் மாட்டிக்கொள்ளும் ஓடை, வாய்க்கால், நீர்நிலை நிலங்களை அரசு ஒழுங்குபடுத்திக் கொடுக்க வழிசெய்கிறது. விவசாயச் சங்கங்களும் சூழல் அமைப்புகளும் கடுமையாக எதிர்த்த சட்டம். என் கருத்தும் எதிர்ப்புதான். பணக்காரர் ஒருவர் செய்தால் ஆக்கிரமிப்பு என்கிறோம், ஆயிரம் ஏக்கர்காரர் செய்ய ஒரு சட்டம் இருக்கிறது.

மயானப் பாதையை மறிக்கிறார்கள். இதுவும் அதே நடைமுறைதானா?

நடைமுறை அதேதான், அதற்கு மேலும் இருக்கிறது. மறிக்கப்படுபவர்கள் பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ என்றால், பொதுவழி, சுடுகாடு, ஆறு, குளம் ஆகியவற்றை மற்றவர்களைப் போலப் பயன்படுத்தத் தடுப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் தனிக் குற்றம். 2015 திருத்தம் அதைத் தெளிவாகவே எழுதியிருக்கிறது. "இது நிலத் தகராறு, தாலுகா ஆபீஸ் போங்கள்" என்று போலீஸ் திருப்பி அனுப்பினால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில் ஒரு வீடியோ எடுத்தார்கள். பாலாற்றங்கரைச் சுடுகாட்டுக்குப் போகும் வழி பட்டா நிலத்துக்காரர்களின் வேலிக்குள். தலித் குடும்பம் ஒன்று, இறந்தவரின் உடலைப் பாலத்திலிருந்து கயிறு கட்டி, கிட்டத்தட்ட 20 அடி கீழே இறக்கியது. அது முதல்முறை இல்லை; வருடக் கணக்கில் அப்படித்தான் செய்துவந்திருக்கிறார்கள். வீடியோ பரவிய பிறகு சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்காக எடுத்தது. அந்தப் பாலத்தில் தினமும் எத்தனை அதிகாரிகளின் ஜீப் போயிருக்கும்!

கிழக்குக் கடற்கரைச் சாலையில் கடலுக்குப் போகும் வழிகளை பங்களாக்காரர்கள் அடைத்திருக்கிறார்கள். கடற்கரையும் அவர்களுடையதா?

இல்லை. உயர் அலைக் கோட்டுக்குக் கீழே உள்ள பரப்பு, மேலே சொன்ன 1905 சட்டத்தின்படி, வேறு ஒருவர் உரிமையை நிரூபிக்காத வரை அரசின் சொத்து. மேலே உள்ள கட்டடங்களுக்கும் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகள் இருக்கின்றன. வழி பற்றிய கேள்விக்கு, மேலே சொன்ன 'அ' பதிவேடு, புலப்படம் விசாரணைதான். மீனவர் குப்பங்களில் பெரியவர்களிடம் கேளுங்கள். எந்தச் சந்து வழியாக வலை போனது, எந்த இடத்தில் கட்டுமரம் ஏறியது என்று விரல் நீட்டிக் காட்டுவார்கள்.

எங்கள் மனைப்பிரிவில் பூங்கா இடத்துக்குச் சுவர் எழுப்பிவிட்டார்கள்.

அனுமதி பெற்ற லேஅவுட்டில் சாலையும், விதிப்படி ஒதுக்கிய 10 சதவீதத் திறந்தவெளி இடமும் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரமாகப் போயிருக்கும். லேஅவுட் வரைபடமும் அந்தப் பத்திரமும் கையில் இருந்தால் நகராட்சியிலோ ஊராட்சியிலோ பேசலாம். "வாட்ச்மேன் வைத்துப் பராமரிக்கிறோம்" என்பது சுவருக்குக் காரணம் ஆகாது.

பாதை திறந்தாயிற்று. இனி கவலை இல்லைதானே?

கேட் கதவுதான் போயிருக்கிறது. தூண் இரண்டும் எங்கள் ஊரில் இன்னும் நிற்கின்றன; கதவு அவர் கொட்டகையில் சாத்தி வைத்திருக்கிறது, கண்ணால் பார்த்தேன். அதனால் அடுத்த வேலைகளை உடனே பாருங்கள். திருத்திய 'அ' பதிவேட்டு நகலை எடுங்கள். ஊராட்சியின் சாலைப் பதிவேட்டில் பாதையை ஏற்றச் சொல்லுங்கள். கிராவல் கொட்ட ஒரு தீர்மானம் போடுங்கள், ஊராட்சிப் பணத்தில் செய்த வேலைக்குப் பதிவு இருக்கும். இரண்டு பக்கமும் கல் நட்டு, அந்தக் கற்களை ஃபோட்டோ எடுங்கள்.

புலப்படத்தையும் எஸ்.எல்.ஆர். பக்கத்தையும் லேமினேட் செய்து டீக்கடைச் சுவரில் மாட்டியிருக்கிறோம். கடைக்காரர் முதலில் முனகினார். இப்போது வெளியூரிலிருந்து நிலம் பார்க்க வரும் புரோக்கர்களுக்கு அவரே அதைக் காட்டி விளக்குகிறார், டீ ஆறுகிற வரைக்கும்.